பெரிய கட்டடத்தின் முதல் பத்து நிமிடம்

மணி அடித்த பிறகு ஓடுகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். வாண்டுவின் கால் மட்டும் மணிக்கு முன்பே மேசைக்கு அடியில் ஓட ஆரம்பித்துவிடும். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நாற்காலி அதிர்ந்து, அவள் திரும்பி முறைப்பாள். கால் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஓடும்.

வாண்டு எட்டாம் வகுப்பு. கணக்குக்கு மட்டும் பத்தாம் வகுப்பு. சின்னக் கட்டடத்தில் வருகைப் பதிவு முடிந்து மணி அடித்ததும், மைதானத்தைக் குறுக்காகக் கடந்து, பெரிய கட்டடத்தின் படிகளில் தாவி ஏறி, மூச்சு வாங்க வகுப்பறைக் கதவில் போய் நிற்க வேண்டும். அதற்குள் அங்கே பாடம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு கட்டடங்களுக்கும் தனித்தனி மணி, தனித்தனித் தலைமை. இந்த மணியை அந்த மணியோடு ஒட்டிவைக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களுக்கு அது தங்கள் வேலை இல்லை என்றும் தோன்றியிருக்கும்.

அவள் உள்ளே நுழையும்போது கணக்கு சார் கரும்பலகையை அழித்துக்கொண்டிருப்பார். தினமும் அப்படித்தான். எதை அழிக்கிறார் என்று அவள் கேட்டதில்லை. பெயர் கூப்பிட்டிருப்பார், தேதி எழுதியிருப்பார், வேறென்ன என்று விட்டுவிட்டாள். முதல் பெஞ்சில், நீளப் பின்னல் போட்ட அக்காவுக்குப் பக்கத்தில், அவளுக்கென்று ஒரு சாண் இடம் காலியாக இருக்கும். உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. "வாண்டு வந்தாச்சு, இனிமே பாடம் நடத்தலாம் சார்" என்று பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள். வாண்டு என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் இப்போது அதுதான்.

அந்தக் குரல்களில் அவளுடைய அண்ணனின் குரல் இருக்காது. அண்ணன் அதே வகுப்புதான். கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம்.

ஆண்டின் முதல் நாளே அவன் கறாராகச் சொல்லிவிட்டான். "இங்க பாரு, ஸ்கூல்ல நான் உனக்கு அண்ணன் இல்ல, நீ எனக்குத் தங்கச்சி இல்ல. வழியில பாத்தா சிரிக்கக்கூடாது. புரியுதா?"

அவள் தலையாட்டினாள். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. இரண்டு வகுப்பு கீழே இருக்கிற தங்கை திடீரென்று தன் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் தலை நிமிரும்? போதாக்குறைக்கு அம்மா வேறு.

அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைச் சோதித்துப் பவர் சொல்கிறவள். வருகிறவர்கள் முகவாயை இயந்திரத்தில் பதித்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நிலையில் ஒரு மனிதனால் எழுந்து ஓடவும் முடியாது, பேச்சை மாற்றவும் முடியாது. அம்மா அந்த நேரம் பார்த்துத்தான் ஆரம்பிப்பாள். "இதுல பாருங்க, நேரா பாருங்க... என் பொண்ணு எட்டாவதுதான் படிக்கிறா, கணக்கு மட்டும் பத்தாவதோட உக்காந்து படிக்கிறா... கண்ணைச் சிமிட்டாதீங்க." ஊரில் கண்ணாடி போட்ட அத்தனை பேருக்கும் வாண்டுவின் கணக்குப் புலமை தெரியும். கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அவளை நிறுத்தி, "நீதானே அந்தப் பொண்ணு?" என்று தன் புதுக் கண்ணாடி வழியாகக் கூர்ந்து பார்த்ததுண்டு.

அண்ணனைப் பற்றி அம்மா கடையில் பேசியதில்லை. வீட்டில் பேசினாள். "தங்கச்சி உன் க்ளாஸ்ல உக்காந்து படிக்கிறா. உனக்குக் கொஞ்சமாவது ரோஷம் வர வேணாமா?" அவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டு நேரத்தில்தான் எங்காவது யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு அவருக்கு போன் அடிப்பார்கள். ஆகவே இந்தப் பேச்சுகளில் பாதிக்குத்தான் அவர் சாட்சி.

இவ்வளவு பெருமையையும் சுமந்துகொண்டு ஓடுகிற வாண்டுவுக்கு, உண்மையைச் சொன்னால், மூன்று மாதமாக ஒன்றும் புரியவில்லை.

ஒன்றுமே என்று சொல்லக்கூடாது. செய்முறை தெரியும். இதை இந்தப் பக்கம் கொண்டு போ, பாதியை எடு, வர்க்கமாக்கு, இரண்டு பக்கமும் கூட்டு. செய்தால் விடை வரும். வந்த விடை சரியாகவும் இருக்கும். ஏன் பாதி? யார் சொன்னார்கள் பாதி என்று? அந்த இடத்தில் அவளுக்கு அடியில் தரை இல்லை. சின்னக் கட்டடத்தில் அவளுக்கு எதுவும் அப்படி இருந்ததில்லை. அங்கே அவள் ஏன் என்று கேட்பதற்கு முன்பே ஏன் என்பது தெரிந்துவிடும். அதனால்தானே இங்கே அனுப்பினார்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். யாரிடம் கேட்பது? அந்த வகுப்பில் யாருமே எதையும் கேட்பதில்லை. சார் நடத்துகிறார், அத்தனை பேரும் கடகடவென்று எழுதிக்கொள்கிறார்கள், நேற்றைய பாடத்தைத் தொட்டு ஏதாவது சொன்னால் எல்லாத் தலையும் ஆடுகிறது. ஒரு தடவை பின்னல் அக்காவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"அக்கா, நேத்து நடத்தினது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"ம்ம், புரிஞ்சுதே. ஏன், உனக்குப் புரியாமயா இருக்கும்?" என்று அக்கா சிரித்தாள்.

"சும்மா கேட்டேன்" என்று வாண்டு பேனா மூடியைக் கடித்தாள். மூடி இல்லாத பேனாக்கள் அவள் பையில் நிறையச் சேர்ந்துவிட்டன.

வீட்டில் அண்ணனிடமும் தூண்டில் போட்டுப் பார்த்தாள். "அந்தப் பாதி எடுக்கற கணக்கு, வர்க்கப் பூர்த்தி, உனக்கு எப்படி இருக்கு?"

"அதுல என்ன இருக்கு?" என்றான் அவன், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்கு மேல் என்ன கேட்பது? தனக்குக் கடைசி பெஞ்சு அண்ணன் அளவுக்குக்கூட மூளை இல்லை என்று அன்று முடிவு கட்டிக்கொண்டாள். சின்னக் கட்டடத்துக்காரர்கள் ஏதோ தப்புக் கணக்குப் போட்டுத் தன்னை அனுப்பிவிட்டார்கள், திங்கட்கிழமைத் தேர்வில் குட்டு உடையப் போகிறது, அவ்வளவுதான்.

அந்தத் தேர்வுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. மேல் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒரு சலுகை கொடுத்திருந்தது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் வேண்டாம் என்று சொல்லி விலகிக்கொண்டால் எதுவும் பதிவாகாது. வந்ததே தெரியாமல் போய்விடலாம். வெள்ளி தாண்டிவிட்டால், பிறகு எழுதுகிற தேர்வின் மதிப்பெண் உயர்நிலைப் பள்ளிப் பதிவேட்டில் ஏறிவிடும். பள்ளி முடிக்கும் வரை கூடவே வரும். பாடப் புத்தகத்தைக் கணக்கு சாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் வரலை சார்" என்று வாயால் சொன்னால் போதும்.

அவள் சொல்வதென்று முடிவு செய்துவிட்டாள். அம்மாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். பிறகு என்றால் எப்போது என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. எல்லார் முன்னாலும் புத்தகத்தை நீட்டும் காட்சியை நினைத்தாலே காது சூடானது. ஆகவே வருகைப் பதிவுக்குப் போகாமல், மைதானச் சுவரை ஒட்டி நடந்து, நேராகப் பெரிய கட்டடத்துக்குப் போனாள். பாடம் ஆரம்பிப்பதற்கு முன்னால் சாரை ஆசிரியர் அறையிலேயே பிடித்துவிட வேண்டும் என்பது திட்டம். ஆசிரியர் அறையில் சாரின் டம்ளர் மட்டும்தான் இருந்தது. "அவர் க்ளாஸுக்குப் போய் கொஞ்ச நேரம் ஆச்சே" என்றார் பக்கத்து மேசை டீச்சர்.

படியேறினாள். வகுப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சந்தைக் கடை மாதிரி சத்தம்.

அவள் கதவுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டாள். இது வேறு வகுப்போ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். "சார், சார், நாலாவது கணக்கு!" "சார், மைனஸ் எங்க போச்சு?" "சுத்தமா புரியல சார், முதல்லேருந்து சொல்லுங்க." கடைசியாகச் சொன்னது பின்னல் அக்கா. தினமும் பக்கத்தில் அமர்ந்து, ம்ம் புரிஞ்சுதே என்று சொன்ன அதே அக்கா.

"ஒவ்வொருத்தரா கேளுங்கடா. காது ரெண்டுதான் இருக்கு எனக்கு" என்றார் கணக்கு சார். "கடைசி பெஞ்சு, நீ சொல்லு. கை ரொம்ப நேரமா நிக்குது."

"சார்..." என்றது ஒரு குரல்.

அண்ணன். அவனுடைய இந்தக் குரலை அவள் கேட்டதில்லை. வீட்டில் அவனுக்கு இரண்டே குரல்கள்தான், ஒன்று எரிச்சல், மற்றது மௌனம். இது தயங்கித் தயங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது.

"சார், நேத்தும் கேட்டேன். திட்டாதீங்க. ஆறு எக்ஸ்ல ஆறு இருக்குல்ல, அதுல ஏன் பாதியை எடுக்கறோம்? பாதி எடுத்து வர்க்கம் பண்ணினா விடை வருதுன்னு தெரியுது. ஏன் பாதின்னுதான் தெரியல."

வாண்டு கதவுக்கு இன்னும் நெருங்கினாள். மூன்று மாதமாக அவள் தொண்டையில் கிடந்த கேள்வி அது. எழுத்து மாறாமல் அதே கேள்வி, அவன் வாயிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

"ஏன்டா, வீட்டுலயே ஒரு கணக்குப் புலியை வெச்சுக்கிட்டு என்னைப் போட்டு வாட்டறியே. தங்கச்சிகிட்ட கேக்க வேண்டியதுதானே?" என்றார் சார். வகுப்பு சிரித்தது.

"அவகிட்ட எப்படி சார் கேக்கறது?" என்றான் அண்ணன். "அவளுக்கு எல்லாம் தானா புரிஞ்சுடும். எனக்குப் புரியலன்னு தெரிஞ்சா... வேணாம் சார். நீங்களே சொல்லுங்க. இன்னும் ஒரே ஒரு தடவை."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சாரும் கேலியை விட்டுவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பினார்.

கதவு இடுக்கு வழியாக வாண்டுவுக்குப் பலகையின் பாதி தெரிந்தது. சார் ஒரு சதுரம் வரைந்தார். "பக்கம் எக்ஸ். பரப்பு எக்ஸ் ஸ்கொயர். சரியா? இப்போ ஆறு எக்ஸ்ங்கறது ஒரு பட்டை. நீளம் எக்ஸ், அகலம் ஆறு. இதை ஒரே பக்கத்துல ஒட்டினா என்ன ஆகும்? சதுரம் போயிடும், செவ்வகம் ஆயிடும். எனக்குச் சதுரம்தான் வேணும். அதனால பட்டையை நீளவாக்குல ரெண்டா கிழிக்கிறேன். ஒண்ணை வலது பக்கம் ஒட்டறேன், ஒண்ணைக் கீழ ஒட்டறேன்."

"அதான் பாதி!" என்று யாரோ கத்தினார்கள்.

"அதான் பாதி. இப்போ பாரு, மூலையில ஒரு ஓட்டை. மூணுக்கு மூணு. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஒன்பதைக் கூட்டறோம். வர்க்கத்தைப் பூர்த்தி பண்றதுன்னா அதுதான்."

வெளியே நின்றவளுக்கு அடியில் தரை வந்தது. எத்தனையோ ராத்திரி முட்டி மோதியும் திறக்காதது, ஒரே ஒரு சதுரத்தில் இவ்வளவுதானா என்று திறந்துகொண்டது. முதலில் சிரிப்பு வந்தது, அடுத்த நொடி அழுகை முட்டியது. இத்தனை நாளும் இவர்களில் ஒருவருக்கும் புரியவில்லை. கேட்டிருக்கிறார்கள், கேட்டுப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அவள் ஓடி வந்து சேரும்போது சார் அழித்துக்கொண்டிருந்தது தேதியை அல்ல.

சத்தம் போடாமல் திரும்பிப் போய், வழக்கமான நேரத்துக்கு வழக்கம்போல மூச்சு வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அண்ணனுக்கும் தெரியாது, மானம் இரண்டு பேருக்கும் மிஞ்சியிருக்கும். அவள் ஒரு எட்டு பின்னால்கூட வைத்தாள். ஆனால் 'அவகிட்ட எப்படி கேக்கறது' என்ற அந்தக் குரல் அவளைப் போகவிடவில்லை.

கதவைத் தள்ளினாள். வகுப்பு மொத்தமும் திரும்பியது. அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன வாண்டு, இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்ட?" என்றார் சார்.

"சார்," என்றாள். புத்தகத்தை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "எனக்கும் அதே டவுட்தான் சார் இருந்தது. ஏன் பாதின்னு. மூணு மாசமா."

பின்னல் அக்காவின் வாய் திறந்தபடி நின்றது.

"மூணு மாசமாவா? அப்புறம் டவுட் டைம்ல கேக்கறதுக்கு என்ன?" என்றார் சார்.

"டவுட் டைம்னா என்ன சார்?"

அவர் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கையிலிருந்த அழிப்பானைப் பார்த்தார். தினமும் இந்தப் பிள்ளை உள்ளே வரும் நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அழிப்பானை மேசையில் வைத்துவிட்டார்.

"முதல் பத்து நிமிஷம் டவுட் டைம்மா," என்றார். குரல் இறங்கிவிட்டது. "தினமும் உண்டு. என் தப்பு. நான் யோசிச்சிருக்கணும்." பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்து, "ஏன்டா, நீயாவது இவகிட்டச் சொல்லியிருக்கலாமேடா?"

அண்ணன் எழுந்து நின்றான். "அவளுக்கு டவுட்டே வராதுன்னு நினைச்சேன் சார்."

அவன் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தான். ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு, இருவரும் ஒரே ஓட்டையைப் பார்த்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடந்திருக்கிறார்கள்.

"திங்கக்கிழமையிலேருந்து டவுட் டைம் கடைசிப் பத்து நிமிஷம்" என்று அறிவித்தார் சார். வீட்டுப்பாடத்தை அந்தப் பத்து நிமிடத்தில் கேட்டு முடித்துக் கொடுக்கும் கூட்டம் ஒன்று பின்னால் முணுமுணுத்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. "கையில என்னம்மா, புத்தகம்? எதுக்கு இப்படிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிற?"

"சும்மா சார்" என்று வாண்டு தன் ஒரு சாண் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

பாடம் முடிந்து வராந்தாவுக்கு வந்தால், எதிரே அம்மா. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கழுத்தில் கண் பார்க்கும் சின்ன டார்ச் தொங்கியது. வருகைப் பதிவில் பிள்ளை இல்லை என்று சின்னக் கட்டடத்திலிருந்து கடைக்கு போன் போயிருக்கிறது. பதறியடித்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். இந்த வீட்டில் ஓட்டம் யாரிடமிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

"எங்கடி போன? உயிரே போயிடுச்சு எனக்கு! அங்க ஒருத்தரை மெஷின்ல உக்காத்தி வெச்சுட்டு அப்படியே வந்திருக்கேன்!"

அம்மாவிடம் சொல்ல வேண்டிய அந்தப் 'பிறகு' இப்போதே வந்துவிட்டது. வாண்டு ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, எனக்கு இந்தக் கணக்கு புரியல. ரொம்ப நாளா புரியல. இன்னைக்குப் புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துட்டு விலகிடலாம்னு வந்தேன். இன்னைக்குத்தான் கடைசி நாள்."

கண் டாக்டரிடம் போங்கள் என்று எத்தனையோ பேரிடம் அசையாத முகத்தோடு சொன்ன அம்மா, இதற்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தவித்தாள். பழக்க தோஷத்தில் பார்வை அண்ணன் பக்கம் போனது. "நீ கூடவேதானேடா இருக்க? என்னன்னு பாக்க மாட்டியா?"

"எனக்கும் அதே இடம்தான்மா புரியல" என்றான் அண்ணன்.

"அவன்தான்மா கேட்டான்," என்றாள் வாண்டு. "எல்லார் முன்னாடியும், ரெண்டாவது தடவை. அவன் கேட்டதாலதான் எனக்கும் புரிஞ்சுது."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதிரில் இருப்பவருக்கு எது தெளிவாகத் தெரிகிறது, எது மங்கலாகத் தெரிகிறது என்று கேட்டுக் கேட்டே வாழ்க்கை நடத்துகிறவள், வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவள் கண் கலங்கியது.

"கஷ்டமா இருந்தா விட்டுடு கண்ணு," என்றாள். அந்த வார்த்தை அவளுக்கு எவ்வளவு கனம் என்று இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும். "நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல."

"விடல," என்றாள் வாண்டு. "திங்கக்கிழமை எழுதறேன். ஆனா மார்க் கம்மியா வந்தா கடையில யார்கிட்டயும் புலம்பக்கூடாது."

"சரி."

"நிறைய வந்தாலும் சொல்லக்கூடாது."

இது அம்மா எதிர்பாராதது. கொஞ்ச நேரம் டார்ச்சை உருட்டிக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள் கடைசியில், சொத்தை எழுதிக் கொடுப்பவள் மாதிரி. திரும்பி நடக்கப் போனவள் நின்றாள்.

"அப்ப இவனைப் பத்திச் சொல்லலாமா? அத்தனை பேர் நடுவுல எழுந்து, எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேட்டானே, அதை?"

"அம்மா, போம்மா!" என்றான் அண்ணன். காது மடல் வரை சிவந்திருந்தது. ஆனால் வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் சின்னக் கட்டடத்தின் மணி அடித்தது. வாண்டு புத்தகத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினாள். "வழியில தடுக்கி விழுந்துடாத!" என்று அண்ணன் மேலிருந்து, வராந்தாவில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினான்.